விலை பிறக்கும் இடம்: சீனத் தேயிலையின் பொருளாதாரம்

19-ஆம் நூற்றாண்டில் சீனத் தேயிலை வீழ்ந்ததற்குச் சிறு விவசாயிகளே காரணம் என்றார்கள். இன்று அதே சிறு விவசாயிகள் உலகத் தேயிலையில் ஏறக்குறைய பாதியை விளைவிக்கிறார்கள். இடையில் மாறியது என்ன?

தேயிலையில் சீனாவின் முதலிடம் சற்று விசித்திரமானது. 2023-இல் அங்கே விளைந்தது 33 லட்சம் டன்னுக்கும் மேல். அடுத்த இடத்தில் இருக்கும் இந்தியாவின் விளைச்சல் அந்த ஆண்டு 14 லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. நிலத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. சீனாவில் தேயிலை பயிராகும் பரப்பு சுமார் 34 லட்சம் ஹெக்டேர். இந்தியாவில் 6 லட்சத்துச் சொச்சம். இந்தியத் தோட்டம் ஹெக்டேருக்கு 2 டன்னுக்கு மேல் கொடுக்க, சீனத் தோட்டம் சராசரியாக 1 டன்னோடு நின்றுவிடுகிறது. ஏற்றுமதியிலும் இதே கதைதான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான், அதாவது ஆண்டுக்கு 3.7 லட்சம் டன் அளவில்தான், சீனா வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. விளைச்சலில் சீனாவுக்குப் பல மடங்கு பின்னால் நிற்கும் கென்யா 5 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்து, எடைக் கணக்கில் முதலிடத்தில் இருக்கிறது.

விளைச்சல் திறன், அந்நியச் செலாவணி என்ற இரண்டு அளவுகோல்களை மட்டும் வைத்து எடைபோட்டால், சீனத் தேயிலைத் துறை பின்தங்கிய துறை என்றுதான் எழுத வேண்டும். கிராமங்களின் நிலவரம் அப்படிச் சொல்லவில்லை. கிழக்கே செஜியாங் மாகாணத்தின் மலைப்பகுதியில் சோங்யாங் என்றொரு வட்டம் இருக்கிறது. அங்கே மக்களில் 40 சதவீதம் பேருக்குத் தேயிலை சார்ந்த வேலை. விவசாயிகளின் வருமானத்தில் பாதி தேயிலையிலிருந்து வருகிறது. வேளாண் உற்பத்தி மதிப்பில் 60 சதவீதம் தேயிலையுடையது. நெல்லுக்கு ஏற்ற சமவெளி இல்லாத, ஆலைகள் அதிகம் வராத மலை வட்டங்களில் இப்படிப் பல உண்டு. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்ட பிறகும் அங்கே நிலம் தரிசாகாமல் இருக்கிறதென்றால், அதற்குத் தேயிலை முக்கியக் காரணம்.

குறைந்த விளைச்சல், குறைந்த ஏற்றுமதி, ஆனாலும் கிராமத்தில் தங்கும் வருமானம். இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன? விவசாயியின் நிலம் சிறியதா பெரியதா என்பதைவிட, அவர் கொழுந்து பறிக்கும் இடத்துக்கும் அதன் விலை தீர்மானமாகும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் அவர் பிழைப்பைத் தீர்மானிக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். சீனத் தேயிலையின் வீழ்ச்சியும் எழுச்சியும் அந்தத் தூரம் கூடிக் குறைந்த வரலாறுதான். அந்தத் தூரம் இன்னும் குறையாத இடங்களில் சீன விவசாயியும் கஷ்டத்தில்தான் இருக்கிறார்.

தோல்விக்குச் சொன்ன காரணம்

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரை உலகச் சந்தைக்கு வந்த தேயிலை ஏறக்குறைய முழுவதும் சீனாவிலிருந்து வந்தது. பிரிட்டன் அதற்கு வெள்ளியாகக் கொட்டிக் கொடுத்தது. வெள்ளி தீர்ந்துபோகாமல் இருக்க இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்குள் கடத்தும் வணிகத்தை வளர்த்தது. அதைச் சீன அரசு தடுக்கப் போய் 1839-இல் அபினிப் போர் வெடித்தது. அதே ஆண்டு ஜனவரியில் அசாம் தேயிலை முதன்முறையாக லண்டனில் ஏலம் போனது. 1848 முதல் 1851 வரை ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தாவரவியலாளர், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனத் தேயிலைச் செடிகளையும் விதைகளையும் தேயிலை செய்யத் தெரிந்த ஆட்களையும் இமயமலைச் சரிவுகளுக்குக் கொண்டுசேர்த்தார். இலங்கையில் காபிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்த பிறகு, மலைகள் தேயிலைக்கு மாறின. அந்த மலைகளில் காடு வெட்டியதும் செடி நட்டதும் கொழுந்து பறித்ததும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட மக்கள். சீனத் தேயிலையின் வரலாற்றில் தமிழர் உழைப்பு நுழையும் இடம் இதுதான்: சீன விவசாயியைத் தோற்கடிக்க எழுப்பப்பட்ட தோட்ட முறையை அவர்கள் முதுகில்தான் சுமத்தினார்கள்.

சீனத் தேயிலை ஏற்றுமதி 1886-இல் சுமார் 1.34 லட்சம் டன்னைத் தொட்டு உச்சத்துக்குப் போனது. அதன் பிறகு சரிவுதான். இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் பிரிட்டிஷ் சந்தையைச் சில பத்தாண்டுகளில் கைப்பற்றிக்கொண்டன. போர், உள்நாட்டுப் போர் எல்லாம் கடந்து 1949-இல் கணக்கெடுத்தபோது சீனாவின் மொத்த உற்பத்தியே சுமார் 41,000 டன்தான். இந்த வீழ்ச்சிக்கு அன்றைய வணிகர்களும் அதிகாரிகளும் சொன்ன காரணம் ஒரே மாதிரி இருந்தது. துண்டு நிலங்களில், மற்றப் பயிர்களுக்கு நடுவே, மூலதனமும் இயந்திரமும் இல்லாத குடும்பங்கள் தேயிலை வளர்க்கின்றன. தரம் ஒருபோல இல்லை. பெரிய தோட்டத்தோடு இவர்களால் போட்டியிட முடியாது என்றார்கள். பாதி உண்மை இதில் இருக்கிறது. இயந்திரத்தில் உருட்டி உலர்த்திய அசாம் தேயிலையின் சீரான தரம் சீனக் குடிசையில் வராதுதான்.

மீதிப் பாதியை அவர்கள் கவனிக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கும் லண்டன் ஏலக் கூடத்துக்கும் இடையில் எத்தனை கைகள் இருந்தன என்று பாருங்கள். கிராமத்துச் சேகரிப்பவர், சந்தை ஊரின் தேயிலை வணிகர், ஃபூசோ அல்லது ஹாங்கோ துறைமுகத்தின் தரகர், வெள்ளைக்காரக் கம்பெனி, கப்பல், கடைசியாக ஏலம். 1850-களில் தைப்பிங் கிளர்ச்சியை அடக்கப் பணம் திரட்ட விதிக்கப்பட்ட லிகின் என்ற வழிச்சுங்கம், சரக்கு நகர நகரப் பிடுங்கிக்கொண்டே வந்தது. அசாமிலோ இலங்கையிலோ தோட்டத் துரைக்கு அந்தச் சுமை இல்லை. விலை விழுந்தால் இந்தச் சங்கிலியில் இருந்த ஒவ்வொருவரும் நஷ்டத்தைத் தனக்குக் கீழே இருந்தவர் தலையில் இறக்கினார்கள். கடைசியில் நின்ற விவசாயிக்குக் கீழே யாரும் இல்லை. அவர் செடியைக் கவனிப்பதை நிறுத்தினார், முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தார். தரம் கெட்டது. கெட்ட தரத்தைக் காட்டி விலையை மேலும் குறைத்தார்கள். சிறு விவசாயம் இந்தத் தோல்வியின் விளைவாகத்தான் தரம் கெட்டதே தவிர, அதன் மூலகாரணமாக இருக்கவில்லை.

வாணலியும் நேரமும்

1949-க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைக்கு ஒரே வாங்குபவர் அரசுதான். கம்யூன்கள் வளர்த்தன, அரசு நிறுவனங்கள் நிர்ணயித்த விலைக்கு எடுத்துக்கொண்டன. பரப்பு விரிந்தது, ஆராய்ச்சி நடந்தது. 1958-இல் ஹாங்சோவில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் உருவானது. ஆனால் நல்ல கொழுந்துக்கும் சாதாரணக் கொழுந்துக்கும் விவசாயிக்குக் கிடைத்த வித்தியாசம் சொற்பம். 1980-களின் தொடக்கத்தில் நிலம் மீண்டும் குடும்பங்களுக்குக் குத்தகையாகப் பிரிந்தது. 1984-இல் எல்லைப்புற மக்களுக்கான கட்டித் தேயிலையைத் தவிர மற்ற தேயிலைகளின் வணிகத்தை அரசு திறந்துவிட்டது. 2004-இல் தேயிலை உள்ளிட்ட விளைபொருள்கள் மீதிருந்த சிறப்பு வேளாண் வரி, புகையிலைக்கு மட்டும் என்றாகி, மற்றவற்றுக்கு நீங்கியது. நிலம் முன்பு இருந்ததைப் போலவே துண்டு துண்டாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது சாலை வந்தது, மின்சாரம் வந்தது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய வறுவல் இயந்திரம் வந்தது.

இந்தக் கடைசி விஷயத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். பறித்த கொழுந்து ஒரு நாள் தாங்காது. செடியிலிருந்து பிரிந்த நிமிடமே அது வாடவும் சிவக்கவும் ஆரம்பித்துவிடும். பதப்படுத்த வழி இல்லாத விவசாயி, பறித்த அன்றே, வந்தவர் சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். பேரம் பேச அவருக்கு நேரமே கிடையாது. காய்ந்த தேயிலையாக்கிவிட்டாலோ, அது வாரக்கணக்கில், நன்றாகக் காப்பாற்றினால் மாதக்கணக்கில் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் விவசாயியின் பேரச் சக்தி. நாம் பெரும்பாலும் குடிக்கும் சி.டி.சி. தூளைச் செய்ய வாட்டும் தொட்டி, நசுக்கும் உருளைகள், புளிக்கவைக்கும் அறை, உலர்த்தும் அடுப்பு என்று ஒரு தொழிற்சாலையே தேவை. பச்சைத் தேயிலைக்கு அடிப்படையில் தேவைப்படுவது சூடு. இலையைச் சூட்டில் போட்டுச் சிவக்கவிடாமல் நிறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. சீன உற்பத்தியில் ஏறக்குறைய 60 சதவீதம் பச்சைத் தேயிலை என்பதால், உலகின் வேறெந்தத் தேயிலை நாட்டு விவசாயிக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று சீனக் குடும்பத்துக்கு வாய்த்தது. விளைவித்தவரே அதை விற்பனைப் பொருளாகவும் மாற்றலாம்.

ஹாங்சோ நகரின் மேற்கு ஏரியை ஒட்டிய கிராமங்களில் லோங்ஜிங் தேயிலை உருவாகும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஏப்ரல் 5-ஐ ஒட்டி வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் உச்ச விலை. குளிர்காலம் முழுக்க உறங்கிய செடி, வசந்தத்தின் முதல் துளிரில் அமினோ அமிலங்களைத் தேக்கிவைத்திருக்கும். அதனால் சாற்றில் இனிப்பு ஓங்கும், துவர்ப்பு அடங்கும். வெயில் ஏற ஏறத் துவர்ப்பு கூடும், விலை நாளுக்கு நாள் இறங்கும். பறித்ததை மூங்கில் தட்டில் மெல்லிதாகப் பரப்பிச் சில மணி நேரம் ஆறவிடுகிறார்கள். பிறகு சுமார் 200 டிகிரி சூட்டில் இருக்கும் இரும்பு வாணலியில் ஒன்றிரண்டு கை அளவு கொழுந்தைப் போட்டு, வெறும் உள்ளங்கையால் அள்ளி, உதறி, வாணலியின் சுவரோடு அழுத்தி, தட்டையாக்கிக்கொண்டே வறுக்கிறார்கள். ஈரம் எவ்வளவு போனது என்பதைக் கைதான் சொல்லும். அதற்கேற்ப அழுத்தம் மாறும், சூடு இறங்கும். ஒரு சுற்று முடிந்ததும் எடுத்து ஆறவைத்து, உள்ளே மிஞ்சிய ஈரம் இலை முழுக்கப் பரவிய பிறகு, இரண்டாம் முறை வாணலிக்குப் போகிறது. 4 அல்லது 5 கிலோ கொழுந்து 1 கிலோ தேயிலையாகிறது. முதல்தரம் என்றால் அந்த 1 கிலோவுக்குள் இருக்கும் மொட்டுகள் 60,000-ஐத் தாண்டும். இன்று பெரும்பகுதி வறுவலை இயந்திரம் செய்துவிடுகிறது. கை வறுவல் உயர்தரத்துக்கு மட்டும் என்று சுருங்கியிருக்கிறது. ஆனால் வாணலியோ இயந்திரமோ, அது நிற்பது விவசாயியின் வீட்டுக் கூடத்தில். கொழுந்தின் விலைக்கும் தேயிலையின் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்தக் கூடத்தைத் தாண்டிப் போவதில்லை.

அருகில் இருக்கும் வாங்குபவர்

செய்முறை கையில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கென்யாவைப் பாருங்கள். அங்கே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் பங்குதாரர்களாக இருந்து, 70-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் தொழிற்சாலைகளைத் தங்கள் முகமை வழியாக நடத்துகிறார்கள். அமைப்பு என்ற அளவில் இது மெச்சத்தக்க சாதனை. ஆனாலும் விலை மொம்பாசா ஏலத்தில், பாகிஸ்தானும் எகிப்தும் பிரிட்டனும் எவ்வளவு கேட்கின்றன என்பதைப் பொறுத்து அமைகிறது. உள்நாட்டில் குடிப்பது கொஞ்சம்தான். 2021-இல் ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை வைத்துப் பார்த்தார்கள். விவசாயியைக் காக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆளில்லாமல் கிடங்கில் சரக்கு தேங்கியது. வாங்குபவர் தொலைவில், விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போது, உற்பத்தியாளர் ஒன்றுபட்டாலும் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

சீன விவசாயிக்கு வாங்குபவர் பக்கத்து நகரத்தில் இருக்கிறார். நாட்டின் விளைச்சலில் பெரும்பகுதியை அந்நாட்டு மக்களே குடிக்கிறார்கள், அதுவும் ஊரின் பெயரும் பருவமும் கேட்டு வாங்குகிறார்கள். ஃபூஜியானின் வூயி மலையிலிருந்தும் ஆன்ஷியிலிருந்தும் ஊலோங், அன்ஹுயின் சீமனிலிருந்து கறுப்புத் தேயிலை, யுன்னானிலிருந்து புஆர், ஃபூடிங்கிலிருந்து வெள்ளைத் தேயிலை என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தனி ரசிகர் கூட்டம் உண்டு. லோங்ஜிங்குக்கு 2001-இலேயே பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. மேற்கு ஏரிப் பகுதியில் அவரவர் நிலத்தின் அளவுக்கு ஏற்ப முத்திரைச் சீட்டு வழங்கப்படுகிறது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியத்துடனான புவிசார் குறியீட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, அஞ்சி வெள்ளிலைத் தேயிலை, புஆர் போன்றவை அந்தப் பட்டியலில் இடம்பிடித்தன. ஊரின் பெயர் சட்டப்படி ஊருக்கே சொந்தமாகும்போது, விலையில் ஒரு பங்கும் ஊரிலேயே தங்குகிறது.

இவையெல்லாம் பணக்காரர்கள் குடிக்கும் உயர்தரத் தேயிலைக்கு மட்டும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. மேலே சொன்ன சோங்யாங்கின் பலம், இயந்திரத்தில் வறுத்து நாடெங்கும் விற்கும் மலிவான ‘நறுமணத் தேயிலை’. அங்குள்ள தேயிலைச் சந்தை, பச்சைத் தேயிலைக்கு நாட்டிலேயே பெரிய விற்பனைக் களங்களுள் ஒன்று. குடும்பங்கள் கொண்டுவரும் கொழுந்தையும் தேயிலையையும் பல மாகாணத்து வணிகர்கள் ஒரே கூரையின் கீழ் போட்டியிட்டு எடுக்கிறார்கள். ஒரே வாங்குபவரிடம் சிக்கிய விவசாயிக்கும், பல வாங்குபவர்கள் நடுவே நிற்கும் விவசாயிக்கும் உள்ள வித்தியாசம், தேயிலை மலிவா உயர்தரமா என்பதைவிட முக்கியமானது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, விளைச்சலைப் பற்றியது. ஹெக்டேருக்கு 1 டன் என்பது நிலத்தை வீணடிப்பதாகாதா? ஓரளவு ஆகும். புதிதாக நட்ட செடிகள் இன்னும் முழுப் பலனுக்கு வராததும், மொட்டோடு பறிப்பதால் எடை குறைவதும் ஒரு பகுதிக் காரணம். ஆனால் பல வட்டங்களில் வசந்தக் கொழுந்து முடிந்ததும், கோடை இலையையும் இலையுதிர்காலத்து இலையையும் பறிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பறிகூலிகூடத் தேறாது என்பதுதான் காரணம். இது உண்மையான இழப்பு. இப்போது அந்த இலைக்கு வேறு வழிகள் திறக்கின்றன. குய்சோ மாகாணத்தின் தோங்ரென் பகுதியில் அது மாட்சா தூளாகிறது. பால் தேநீர்க் கடைத்தொடர்களுக்கு அடித் தேயிலையாகப் போகிறது. மிஷுவே என்ற ஒரு தொடருக்கு மட்டுமே 2024 முடிவில் 46,000-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. எனினும் இங்கே எச்சரிக்கை தேவை. கடைத்தொடர் கேட்பது ஊரின் பெயரை அல்ல. மலிவான, ஒரே சீரான மூலப்பொருளை. பழைய ஏலச் சங்கிலி புது உருவத்தில் திரும்பிவர அது வழி செய்துவிடலாம்.

இரண்டாவது மறுப்பு, சூதாட்டத்தைப் பற்றியது. நாள் ஆக ஆக மதிப்புக் கூடும் என்பதால், புஆர் தேயிலையைக் குடிக்க வாங்கியவர்களைவிடப் பதுக்க வாங்கியவர்கள் அதிகமான காலம் ஒன்று இருந்தது. 2007-இல் சிமாவ் நகரம் தன் பெயரையே புஆர் என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு வசந்தத்தில் தலைதெறிக்க ஏறிய விலை, கோடை பிறப்பதற்குள் சரிந்தது. ஏறும் விலையை நம்பி நெல்லையும் காயையும் கைவிட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வூயி மலையின் பழம்பெரும் தா ஹொங் பாவ் தாய்ச்செடிகளின் இலை 20 கிராம், 2005-இல் 2,08,000 யுவானுக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டு முதல் அந்தச் செடிகளில் பறிப்பதே நிறுத்தப்பட்டது. குடிப்பவரின் நாக்கோடு தொடர்பு அறுந்த விலை, விவசாயிக்கு எவ்வளவு உயரத்தில் கிடைத்தாலும் நம்பத்தகுந்தது அல்ல. விலை அருகில் பிறக்க வேண்டும் என்று நான் சொல்வது குடிப்பவர்களிடையே பிறக்கும் விலையை. முதலீட்டாளர்களிடையே பிறக்கும் விலை, லண்டன் ஏலத்தைவிடத் தொலைவானது.

மூன்றாவது மறுப்பு இன்னும் ஆழமானது: இதெல்லாம் விவசாயியின் வெற்றியா, அரசு பணத்தைக் கொட்டியதன் விளைவா? அரசின் பங்கை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அஞ்சி வட்டத்தில் மலை மேல் தனித்து நின்ற ஒரு முதிய வெள்ளிலைச் செடி, 1980-களின் தொடக்கத்தில் அடையாளம் காணப்பட்டு, பதியன் போட்டுப் பெருக்கப்பட்டது. வசந்தக் குளிரில் வெளுக்கும் அதன் இலையில், சாதாரணப் பச்சைத் தேயிலையைவிட அமினோ அமிலம் இரண்டு மூன்று மடங்கு. அது ஒரு வட்டத்தையே செழிக்கவைத்தது. வேளாண் விஞ்ஞானிகளும் உள்ளூர் நிர்வாகமும் இல்லாமல் அது நடந்திருக்காது. 2018-இல் அங்குள்ள ஹுவாங்து கிராமத்தார், ஹூனான், சிச்சுவான், குய்சோ மாகாணங்களின் ஏழைக் கிராமங்களுக்கு 1.5 கோடி நாற்றுகளைத் தர முன்வந்தார்கள். வறுமை ஒழிப்புத் திட்டத்தின் முகப்புச் செய்தியாக அது ஆனது. குய்சோவில் 2007-க்குப் பிறகு மாகாண அரசின் முனைப்பால் தேயிலைப் பரப்பு பல மடங்காகி, இன்று நான்கரை லட்சம் ஹெக்டேரைத் தாண்டி நிற்கிறது.

ஆனால் அதே குய்சோதான் என் வாதத்துக்குச் சோதனைக் களமும் ஆகிறது. மெய்டான் வட்டத்தில் தேயிலை ஆழ வேரூன்றியிருக்கிறது. ஜப்பானியப் படையெடுப்பின்போது 1940-ஐ ஒட்டி மத்தியத் தேயிலைச் சோதனைப் பண்ணையும், இடம்பெயர்ந்து வந்த செஜியாங் பல்கலைக்கழகமும் அங்கே அடைக்கலம் புகுந்தன. அந்த அறிவு ஊரில் தங்கியது. பதப்படுத்தும் சிறு ஆலைகள் பெருகின. ஊருக்கென ஒரு தேயிலைப் பெயரும் உருவானது. இலக்கு எட்ட வேண்டும் என்பதற்காக நாற்றை மட்டும் நட்டு, பதப்படுத்தவும் விற்கவும் வழி செய்யாத இடங்களில் கதை வேறு. அங்கே விவசாயி வெளியூர்த் தேயிலைக்குக் கொழுந்து சப்ளை செய்பவராக நின்றுவிடுகிறார். அந்தக் கொழுந்து கிழக்கே போய், புகழ்பெற்ற ஊரின் பெயரில் விலை போகிறது. இரண்டு இடங்களிலும் அரசு பணம் செலவழித்தது. விவசாயிக்கு மிஞ்சியதைப் பிரித்தது, ஆலையும் பெயரும் சந்தையும் ஊரிலேயே இருந்ததா என்பதுதான்.

கூடையைச் சுமப்பவர்

இந்த முறையின் மிகப் பெரிய குறை, அதன் ஆதரவாளர்கள் அதிகம் பேசாதது. வசந்தக் கொழுந்தைப் பறிப்பது தோட்டத்துக்குச் சொந்தக்காரக் குடும்பம் மட்டுமல்ல. மார்ச் மாதம் பிறந்ததும், அன்ஹுய், ஹெனான், ஜியாங்ஷி போன்ற இடங்களின் ஏழைக் கிராமங்களிலிருந்து பேருந்துகளில் பெண்கள் செஜியாங் மலைகளுக்கு வந்திறங்குகிறார்கள். பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இளையவர்கள் ஆலைகளுக்குப் போய்விட்டார்கள். தோட்டக்காரர் வீட்டிலேயே சாப்பாடு, தங்கல். விடியலிலிருந்து அந்தி வரை, ஈரச் சரிவில் நின்றுகொண்டே, நகத்தால் கிள்ளாமல் விரல் நுனியால் மொட்டை மேல்நோக்கி இழுத்துப் பறிக்க வேண்டும். நகம் பட்டால் காம்பு கறுத்துவிடும், தரம் இறங்கிவிடும். மொட்டுகளை மட்டும் பறிக்கும் நாளில், கைதேர்ந்தவருக்கும் கூடையில் சேர்வது இரண்டு மூன்று கிலோவைத் தாண்டுவது அரிது. உயர்தரத் தேயிலையின் செலவில் பெரும்பங்கு பறிகூலிதான் என்று தோட்டக்காரர்கள் புலம்புகிறார்கள். அந்தப் பெண்களுக்கோ அது ஆண்டில் ஒரு மாதத்துக்கு மட்டுமே கிடைக்கும் வருமானம். தேயிலை ஊரின் வளத்தில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. ஊரின் பெயரால் கூடும் விலையிலும் கிடையாது.

விலை பிறக்கும் இடத்துக்கும் உழைப்பவருக்கும் உள்ள தூரம்தான் அளவுகோல் என்றால், இந்தப் பெண்கள் விஷயத்தில் சீன முறையும் தோற்றிருக்கிறது. வசந்தக் கொழுந்தை அடையாளம் கண்டு பறிக்கும் ரோபோக்களைச் செஜியாங்கில் ஆராய்கிறார்கள். ஆள் பற்றாக்குறைக்கு அது விடையாகலாம், நியாயத்துக்கு ஆகாது. பறிப்பவருக்குக் கிலோக் கணக்கில் கூலி மட்டும் கொடுக்காமல், பருவ விலையோடு இணைந்த பங்கும், விபத்துக் காப்பீடும், பல பருவங்களுக்கான ஒப்பந்தமும் கொடுத்தால்தான் இந்தத் தொழிலுக்கு அடுத்த தலைமுறை கை கிடைக்கும்.

மண்ணும் கணக்குக் கேட்கிறது. முதல் கொழுந்தை ஒரு வாரம் முன்னதாக எடுத்தால் விலை கூடும் என்பதால் நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போடும் பழக்கம் பரவியிருக்கிறது. தேயிலைக்கு அமில மண் வேண்டும், 4.5 முதல் 5.5 வரையிலான அமில-கார அளவு ஏற்றது. பல தோட்டங்களில் அது 4.5-க்கும் கீழே போய்விட்டது. வேர் நலிகிறது, மிஞ்சிய உரம் ஓடைகளில் கலக்கிறது, பசுங்குடில் வாயுவாகக் காற்றிலும் சேர்கிறது. சீக்கிரம் துளிர்க்கும் ரகங்கள் வசந்தத்தின் பின்பனிக்கும் சீக்கிரம் பலியாகின்றன. யுன்னானின் ஜிங்மாய் மலையில் காட்டு மரங்களின் நிழலிலேயே தலைமுறைகளாகத் தேயிலை வளர்க்கும் பூலாங், தாய் இன மக்களின் முறையை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதை எல்லா இடத்திலும் அப்படியே நகலெடுக்க முடியாது. ஆனால் நிழல் மரமும் இலைச் சருகும் உரச் செலவைக் குறைக்கும் என்ற அறிவு, புதிதாக நட்ட மொட்டை மலைச் சரிவுகளுக்கு இன்று அவசரத் தேவை.

நீலகிரியிலிருந்து பார்த்தால்

நீலகிரியில் சிறு, குறு தேயிலை விவசாயிகள் பறித்த கொழுந்துக்குக் கட்டுபடியான விலை கேட்டுப் போராடுவது ஆண்டுதோறும் நாம் படிக்கும் செய்தி. இந்தியத் தேயிலையில் பாதிக்கும் மேல் இன்று சிறு விவசாயிகளுடையது. இந்தியத் தேயிலையின் பெரும்பகுதியை இந்தியர்களே குடிக்கிறார்கள். அருகில் வாங்குபவர் இல்லாத கென்யாவின் குறை நமக்கு இல்லை. நம் குறை அதற்கு நேர்மாறானது. செய்முறை விவசாயியின் கையில் இல்லை. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குப் போக வேண்டும்; ஆலை தரும் விலை குன்னூர் ஏலத்தைப் பொறுத்தது; ஏலத்தில் எடுத்த தூள் கலவையாகிப் பாக்கெட்டுக்குள் போகும்போது ஊரின் பெயர் காணாமல் போகிறது. சோவியத் யூனியன் என்ற பெரிய வாங்குபவர் மறைந்த பிறகு, 1990-களின் முடிவில் விலை விழுந்தபோது, மலை முழுவதும் ஒரே நேரத்தில் அடிபட்டது இதனால்தான். 1965-லிருந்து இயங்கும் இண்ட்கோசர்வ் கூட்டுறவு ஆலைகள், செய்முறையை விவசாயியின் பக்கம் கொண்டுவர எடுத்த சரியான முயற்சி. அது முழுப் பயன் தர வேண்டுமானால், மொத்தத் தூளோடு நிற்காமல், ஊர்ப் பெயரோடு நேரடியாகக் குடிப்பவரிடம் போகும் தேயிலைக்கும் அந்த ஆலைகள் மாற வேண்டும். சீனாவைப் போல வீட்டுக்கு வீடு வாணலி வைப்பது நம் மலைக்குத் தேவையில்லை. கொழுந்தைக் காத்திருக்க வைக்கும் வசதி விவசாயியின் எட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

உற்பத்தியைக் கூட்டு, செலவைக் குறை, ஏற்றுமதியைப் பெருக்கு என்ற மூன்று மந்திரங்களும் பெருந்தோட்டக் காலத்திலிருந்து நமக்கு வந்தவை. அவை தோட்ட முதலாளிக்குப் பொருந்தின. சிறு விவசாயிக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்து நூறாண்டுகளாக அவரைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறோம். சீனாவின் நல்ல தேயிலை வட்டங்கள் காட்டும் வழி வேறு: பதப்படுத்தும் வசதி ஊரில் இருக்கட்டும், ஊரின் பெயர் ஊருக்கே சட்டப்படி சொந்தமாகட்டும், வாங்குபவர் ஒருவர் என்றில்லாமல் பலராகட்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் குறைந்த விளைச்சலோடும் குடும்பம் நிமிர்ந்து நிற்கிறது. ஒன்று குறைந்தாலும், எத்தனை லட்சம் டன் விளைந்தாலும் நிற்பதில்லை. சீனாவும் இனி பரப்பை விரிப்பதை நிறுத்திவிட்டு, பின்தங்கிய வட்டங்களுக்கு ஆலையையும் பெயரையும், பறிக்கும் பெண்களுக்கு விலையில் பங்கையும் கொண்டுசேர்க்க வேண்டும். தேயிலையை எந்த நாடு அதிகம் விளைவிக்கிறது என்ற போட்டி முடிந்துவிட்டது. விளைவிப்பவருக்கும் பறிப்பவருக்கும் அதன் விலையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை வைத்துத்தான் இனி ஒரு நாட்டின் தேயிலைத் தொழிலை மதிப்பிட வேண்டும்.